ஆறினால்தான் நீலம் வரும்

பிப்ரவரி 2, திங்கள்

இந்த நோட்டு பெனாசிர் கொடுத்தது. "தினமும் படிச்சத எழுதுங்கக்கா, எழுதினா மண்டைல நிக்கும்" என்றாள். பெனாசிர் எங்கள் உணவுத் தொழில்நுட்பத் துறையில் ஆராய்ச்சி செய்கிற பெண். தக்காளிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டை மாட்டிவிட்டு, அது எத்தனை நாள் கெடாமல் இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அதற்கு டாக்டர் பட்டம் கொடுப்பார்களாம்.

மண்டையில் நிற்கிற வயசா எனக்கு? நாற்பத்தாறு. இதே கல்லூரி லேபில் பத்தொன்பது வருசமாக அட்டெண்டர். குடுவை கழுவுவேன், அமிலம் அளந்து ஊற்றி வைப்பேன், பிள்ளைகள் உடைத்ததைக் கூட்டி அள்ளுவேன். இப்போது ஒரு சர்க்குலர் வந்திருக்கிறது. மார்ச் மாதத்திலிருந்து லேபில் அட்டெண்டர் என்ற வேலையே கிடையாது. 'உணவு அறிவியல், நானோ தொழில்நுட்பம்: அடிப்படை அறிவுத் தேர்வு' என்று ஒன்று வைக்கிறார்கள். ஐம்பதுக்கு முப்பது வாங்கினால் லேப் அசிஸ்டென்ட் ஆகி இங்கேயே இருக்கலாம். வாங்காவிட்டால் ஹாஸ்டல் ஸ்டோருக்குப் போய் அரிசி மூட்டை எண்ண வேண்டும். ஒரே ஒரு வாய்ப்புதான். இந்த மாதம் இருபத்தேழாம் தேதி.

அரிசி மூட்டை எண்ணுவதில் என்ன கேவலம்? ஒன்றும் இல்லை. எனக்குக் கவலையே இல்லை.

ஆனால் பேனாவை ஏன் இப்படி அழுத்தி எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அடுத்த இரண்டு பக்கத்திலும் அச்சு விழுந்திருக்கிறது.

பிப்ரவரி 3, செவ்வாய்

நானோமீட்டர்: ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காகப் போட்டால் அதில் ஒரு பங்கு.

இதைப் பேக்கரியில் போய்ச் சொன்னதுதான் நான் செய்த தப்பு. என் வீட்டுக்காரர் ஆறுச்சாமி பொள்ளாச்சியில் உடுமலை ரோட்டில் பேக்கரி வைத்திருக்கிறார். லேப் முடிந்ததும் நான் அங்கே போய்ப் பன் அடுக்கிவிட்டு, இரண்டு பேருமாக வீட்டுக்கு வருவோம். இன்று டவுன்பஸ் கண்டக்டர் கனகராஜ் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நூறு கோடிப் பங்கா? காலைல எட்டு மணிக்கு நம்ம பஸ்ஸுல வந்து பாரு அம்மிணி. ஒரு ஆளுக்கு அவ்வளவு எடந்தான் கெடைக்கும்" என்றார்.

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டே சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க மீசைல ஒரு முடி எண்பதாயிரம் நானோமீட்டர் தடிமனுங்க, தெரியுமா?" என்றேன். சிரிப்பு நின்றது. "எண்பதாயிரமா?" என்று போய்க் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் கடைக்கு வந்த ஒருவரையும் விடவில்லை, எல்லாரிடமும் மீசைக் கணக்கைச் சொல்லித்தான் டீ கொடுத்தார்.

பிப்ரவரி 5, வியாழன்

மெயிலார்ட் வினை. மாவில் இருக்கிற புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து, பழுப்பு நிறமும் மணமும் உண்டாவது. பிரெட்டின் மேல்தோல் பழுப்பாவது இதனால்தான்.

"நீங்க இருபத்தஞ்சு வருசமாப் பண்ணிட்டிருக்கறது இதுதானுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"யாரு அந்த மெயிலார்ட்?"

"பிரான்சு நாட்டுக்காரராமாங்க."

"அவரு பன்னு போட்டு வித்தாரா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"அப்பறம் என்னத்துக்கு அவர் பேரை வெச்சாங்க? நெருப்புல வெந்தது நானு."

நியாயமான கேள்வி. பெனாசிரிடம் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

துணி துவைத்தேன். மிளகாய் காயவைத்தேன். பீரோவுக்குள் துணியை அடுக்கி ஒதுங்க வைத்தேன். அடியில் கிடந்த கிளிப்பச்சைப் புடவையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி அடியிலேயே வைத்தேன். நல்ல புடவைதான். நிறம் எனக்கு ஒத்துவரவில்லை.

தேன் ஏன் கெடுவதில்லை என்று படித்தேன். தேனில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் அதைச் சர்க்கரை பிடித்து வைத்திருப்பதால் கிருமிக்குக் கிடைக்காது. கிருமி தாகத்திலேயே செத்துப்போகும். பாவம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று இளங்கலைப் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு.

எங்கள் பக்கத்தில் லேப் அட்டெண்டருக்குச் சர்க்குலரில் இல்லாத வேலை ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்திருக்கிற தேர்வாளர் அப்படித் திரும்புகிற நேரத்தில் அட்டெண்டர் பிள்ளைகளுக்கு ஒரு சாடை காட்டுவார். மூக்கைச் சொறிந்தால் ஒன்று, வாளியைத் தட்டினால் ஒன்று. எந்த டியூபில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும். வாத்தியார்களும் ஒரு காலத்தில் இப்படி எழுதியவர்கள்தான், அதனால் கண்டுகொள்ள மாட்டார்கள்.

நான் காட்டுவதில்லை. "சுத்துவட்டாரத்துலயே சாடை காட்டாத அட்டெண்டர் நம்ம நாகமணி அக்கா ஒருத்திதான், கல்லு மனசு" என்று ஒரு பெண் என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு மணிக்கட்டு வலி என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

தேர்வு முடிந்ததும் டியூப்களை ஸ்டாண்டில் வைத்து, நன்றாக ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கழுவினேன். "ஏங்க்கா, அப்படியே கழுவி ஊத்தலாம்ல? எப்பப் பாரு ஆறட்டும் ஆறட்டும்ங்கறீங்க" என்றாள் பெனாசிர். சூட்டோடு தண்ணீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடும் என்றேன். அதுவும் உண்மைதான்.

பிப்ரவரி 12, வியாழன்

மானம் போயிற்று.

பெனாசிர் போன வாரம் என்னிடம் ஒரு தக்காளியைக் கொடுத்து வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தாள். லேப் குளிரில் இல்லாமல் சாதாரண வீட்டுச் சூட்டில் எப்படி இருக்கிறது என்று தெரியவேண்டுமாம். கிராம்பு எண்ணெயை இருநூறு நானோமீட்டரைவிடச் சின்னத் துளிகளாக உடைத்துத் தண்ணீரில் கலந்தால் அது நானோ எமல்ஷன். அதை மேலே பூசிய தக்காளி. பி-7 என்று சீட்டு ஒட்டியிருந்தது. தினமும் காலையில் எடை போட்டுக் குறித்து வந்தேன்.

இன்று காலை பி-7 காணோம். தோசைக்குத் தொட்டுக்கொள்ள வீட்டுக்காரர் சட்னி அரைத்து வைத்திருந்தார்.

"நல்லாக் கெட்டியா இருந்துச்சேன்னு அதையே போட்டுட்டேன்" என்றார். "சீட்டைப் பிச்சுப்போட்டுத்தான் அரைச்சேன்."

பெனாசிரிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வேர்த்தது. சொன்னதும் அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. அதே மாதிரி இன்னும் பதினொரு தக்காளி இருக்கிறதாம், தப்பித்தேன். பூசியதெல்லாம் சாப்பிடுகிற பொருள்தான், பயப்பட வேண்டாம் என்றாள். பதிவேட்டில் பி-7க்கு நேரே 'ஆறுச்சாமி அண்ணன்' என்று எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப நானும் பத்து நாளைக்குக் கெட மாட்டேனா?" என்று கேட்கிறார். இந்த மனுசனை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பாஸாவது!

பிப்ரவரி 15, ஞாயிறு

பேக்கரியில் மாதிரித் தேர்வு. கனகராஜ் அண்ணன்தான் கேள்வி கேட்டார். பஸ் எதிரில் நிற்கிறது, கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கிறது, இவர் ஒரு கையில் பப்ஸும் ஒரு கையில் என் புத்தகமுமாக நிற்கிறார்.

"கேள்வி முப்பத்தொண்ணு. பாலில் இயற்கையாகவே நானோ அளவுத் துகள்கள் உண்டா?"

யோசித்தேன். அதற்குள் பஸ் ஜன்னலிலிருந்து ஒரு அம்மா, "உண்டுன்னு போடு கண்ணு, நேரமாச்சு" என்று சத்தம் போட்டார்.

"உண்டுங்ணா. கேசின் துகள். மாடே நானோ தொழில்நுட்பந்தான் பண்ணுது" என்றேன். பஸ்ஸில் கை தட்டினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

ஐம்பதுக்கு முப்பத்திநான்கு. என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் தேங்காய் பன் கொடுத்தார். எனக்கு இரண்டு. இவ்வளவு சந்தோசமாக இருந்து எத்தனை நாளாயிற்று!

பிப்ரவரி 17, செவ்வாய்

தேர்வுத் திட்டம் வந்தது. காலையில் எழுத்து, நாற்பது மதிப்பெண். மத்தியானம் செய்முறையும் நேர்முகக் கேள்வியும், பத்து மதிப்பெண். எங்கள் துறைத்தலைவர் வரதராஜன் சாரும், வெளியிலிருந்து ஒருவரும் கேட்பார்கள்.

வெளியிலிருந்து வருபவர்: முனைவர் ப. கோகிலவாணி, கோயம்புத்தூர்.

தலைவலி. படிக்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்

தலைவலி.

பிப்ரவரி 19, வியாழன்

மத்தியானம் ஹாஸ்டல் ஸ்டோரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காற்றோட்டமாகத்தான் இருக்கிறது. எலி இருக்கிறது. பழகிக்கொள்ளலாம்.

வரதராஜன் சாருக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். தேர்வு எழுத விருப்பமில்லை என்று. கையெழுத்துப் போட்டுவிட்டேன், தேதி மட்டும் போடவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

நோட்டுக்குள் வைத்திருந்த கடிதத்தைப் பெனாசிர் பார்த்துவிட்டாள். "மூணு வாரமா நாயாப் படிச்சுட்டு இப்ப என்னக்கா இது? யாரு அந்தக் கோகிலவாணி மேடம்? பேரைப் பார்த்ததுல இருந்து நீங்க ஆளே சரியில்ல" என்றாள். எந்தக் கோகிலவாணி, எனக்கு எவரையும் தெரியாது, உன் வேலையைப் பார் என்று கத்திவிட்டேன். பீக்கர் ஒன்று கை தவறி உடைந்தது. பத்தொன்பது வருசத்தில் நான் உடைத்த மூன்றாவது பீக்கர். அவள் துடைப்பத்தை எடுத்துவந்து கூட்டினாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

பிப்ரவரி 22, ஞாயிறு

எழுதினால் மண்டையில் நிற்கும் என்றாள் பெனாசிர். இது எழுதாமலே பதினெட்டு வருசமாக நிற்கிறது. எழுதினால் இறங்குமா என்று பார்க்கிறேன்.

2008 ஏப்ரல். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருசம்கூட முழுதாக ஆகவில்லை. கடைசி வருசப் பிள்ளைகளுக்குப் பாலில் கலப்படம் கண்டுபிடிக்கிற செய்முறைத் தேர்வு. வீட்டுக்காரர் எடுத்துக்கொடுத்த கிளிப்பச்சைப் புடவையை அன்றுதான் முதல் தடவை கட்டியிருந்தேன். பெரிய கெட்டிக்காரி என்கிற நினைப்பு எனக்கு. அட்டெண்டர் சாடை காட்ட வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் நின்று நின்று காட்டினேன்.

ஜன்னலோர மேசையில் கோகிலவாணி. ஒல்லியாக, இரட்டைச் சடை போட்ட பெண். அவளுக்கு வந்த பாலில் மாவு கலந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டும். பாலைக் காய்ச்சி அயோடின் விட்டால், மாவு இருந்தால் நீலமாகும். அவள் காய்ச்சினாள். அவசரத்தில் கொதிக்கக் கொதிக்க அயோடினை விட்டாள். நீலம் வரவில்லை. நிமிர்ந்து என் பக்கம் பார்த்தாள். நானும் டியூபை எட்டிப் பார்த்தேன். நீலம் இல்லைதான். இரண்டு விரலை ஆட்டி, ஒன்றும் இல்லை, சுத்தமான பால் என்று சாடை காட்டினேன். அவள் குனிந்து எழுதினாள்.

எல்லாரும் போன பிறகு டியூப் கழுவப் போனேன். ஜன்னலோர மேசை டியூப் ஆறிப்போயிருந்தது. உள்ளே பால் நீலமாக இருந்தது. சூடாக இருக்கும்போது நீலம் வராது, ஆறினால்தான் வரும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

தெரியாதது தப்பில்லை. அப்புறம் செய்ததுதான் தப்பு. அந்த டியூபை எடுத்துக்கொண்டு ஓடிப்போய், "சார், பாருங்க, ஆறினதும் வந்திருக்குது, அந்தப் பொண்ணு சரியாத்தான் செஞ்சுது, சித்தெ நேரம் பொறுக்கல, அவ்வளவுதான்" என்று காட்டியிருக்கலாம். காட்டினால் என் சாடை வெளியே வந்துவிடும். புது வேலை. பயம். குழாயைத் திறந்து கழுவி விட்டுவிட்டேன்.

அவள் செய்முறையில் ஃபெயில். ஏற்கனவே கிடைத்திருந்த பால் கம்பெனி வேலை கையைவிட்டுப் போயிற்று. ஆறு மாதம் கழித்து மறுபடி எழுத வந்தாள். அன்றைக்கு வயிற்றுவலி என்று நான் லீவு போட்டேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

மணிக்கட்டும் நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 23, திங்கள்

விடியற்காலையில் பேக்கரிக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தார். முழுக்கச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கையை நிறுத்தவில்லை.

"அந்தப் புள்ள இப்ப என்ன பண்ணுது?" என்றார்.

"பெரிய டாக்டருங்க. என்னைக் கேள்வி கேக்கறதுக்கே வருது."

"அப்ப நல்லாத்தான இருக்குது?"

"அது நல்லா இருக்குதுன்னா நான் பண்ணுனது இல்லைன்னு ஆயிருங்களா?"

மாவை உருட்டி வைத்து ஈரத்துணி போட்டு மூடினார். "ஆகாது" என்றார். "அப்பப் போய் நேராச் சொல்லிப்போடு. ஸ்டோர்ல போய் ஒளிஞ்சுக்கிட்டு யாருகிட்டச் சொல்லுவே, எலிகிட்டயா? பாஸு ஃபெயிலெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்தது.

"அழுகறதுன்னா கல்லாப் பக்கம் போய் அழு அம்மிணி. மாவுல உழுந்தா உப்புச் சாஸ்தியாயிரும்" என்றார்.

கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். காகிதம் பழுப்பானது. அது மெயிலார்ட் வினை இல்லை, வெறும் கருகல். எனக்கு இப்போது வித்தியாசம் தெரியும்.

பிப்ரவரி 26, வியாழன்

நாளைக்குத் தேர்வு எழுதுகிற நாற்காலி மேசையை இன்று நானே துடைத்துப் போட்டேன். எனக்குப் போட்ட நாற்காலி ஆடியது. மாற்றிக்கொண்டேன். பெனாசிரிடம் மன்னிப்புக் கேட்டேன். "போங்கக்கா" என்றாள்.

பிப்ரவரி 27, வெள்ளி

கை வலிக்கிற வரைக்கும் எழுதப்போகிறேன்.

காலைத் தேர்வு. நானும் வேறு துறை அட்டெண்டர்கள் இரண்டு பேரும். முதல் கேள்வியே பிரெட் ஏன் பழுப்பாகிறது என்று. வீட்டுக்காரர் முகம் கண்முன் வந்து நின்றது. ஒரு கேள்விக்கு நான்கு விடையும் சரி மாதிரித் தெரிந்தது, மறுபடி படித்தால் நான்கும் தப்பு மாதிரித் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதைப் போட்டேன். மத்தியானத்துக்குள் திருத்திவிட்டார்கள். நாற்பதுக்கு இருபத்தாறு. இன்னும் நான்கு மதிப்பெண் வேண்டும்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். என் லேப்தான். அதே ஜன்னலோர மேசை. வரதராஜன் சார் பக்கத்தில் அவள். இரட்டைச் சடை இல்லை, கண்ணாடி போட்டிருக்கிறாள், கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். "வாங்கக்கா, உக்காருங்க" என்றாள். என்னைத் தெரிந்ததா தெரியவில்லையா என்று முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

உட்கார்ந்து நிமிர்ந்தால், அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னலுக்கு வெளியே பெனாசிர்! மூக்கின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, தயார் என்கிற மாதிரித் தலையை ஆட்டுகிறாள். எனக்குச் சாடை காட்ட வந்து நிற்கிறது இந்தப் பெண். சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துத் திருப்பி, ஜன்னல் கண்ணில் படாதபடி பக்கவாட்டில் உட்கார்ந்தேன். அவர்கள் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியதாயிற்று.

"ஏம்மா, வெளிச்சம் கண்ணுல அடிக்குதா?" என்றார் சார்.

"ஆமாங் சார்."

கோகிலவாணி இரண்டு டியூபை வைத்தாள். இரண்டும் தண்ணீர் மாதிரியே இருந்தன. "ஒண்ணு சர்க்கரைத் தண்ணி. ஒண்ணு நானோ எமல்ஷன். எது எதுன்னு சொல்லணும். மோந்து பாக்கக் கூடாது."

மேசையில் இருந்த லேசர் பேனாவை எடுத்து ஒவ்வொன்றிலும் அடித்தேன். இரண்டாவது டியூபில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. "இதுதானுங்க எமல்ஷன். துளி துளியா மெதக்கறதால வெளிச்சம் முட்டிச் செதறுது, கோடு தெரியுது. சர்க்கரை அதைவிடப் பொடிசாக் கரைஞ்சுபோச்சு, வெளிச்சம் நேராப் போயிருதுங்க" என்றேன். சார் தலையாட்டினார்.

"சரி. இந்தப் பால்ல மாவு கலந்திருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றாள் கோகிலவாணி.

எதற்கு இதையே கொடுத்தாள்? பட்டியலில் இருந்ததா, வேண்டுமென்றா, எனக்குத் தெரியாது. டியூபில் பால் எடுத்தேன், காய்ச்சினேன், ஸ்டாண்டில் வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சார் கடிகாரத்தைப் பார்த்தார். "என்னம்மா, அயோடின் விடுங்க."

"சித்தெ இருங்க சார். ஆறட்டும்."

"எதுக்கு ஆறணும்?"

"மாவுச்சத்து சுருள் சுருளா இருக்குமுங்க. அதுக்குள்ள அயோடின் போய் உக்காந்தாத்தான் நீலம். சூடா இருந்தாச் சுருள் அவுந்துக்கும், நீலம் வராது. மாவு இருந்தாலும் இல்லைன்னு எழுதிப்போடுவோம்."

"சரியான பதில்" என்றார் சார், எழுதப் போனார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான்கு மதிப்பெண் வந்திருக்கும். எனக்கு அது தெரியும்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லோணுங்" என்றேன். "இது எனக்குப் புத்தகத்துல படிச்சு வந்ததில்ல. ரெண்டாயிரத்தி எட்டுல இதே மேசைல நீங்க பரீட்சை எழுதுனீங்க. சூட்டுல நீலம் வரல. ஒண்ணுமில்லைன்னு நாந்தான் சாடை காட்டுனேன். நீங்க போன பொறவு ஆறி நீலமாச்சு. நான் யாருக்கும் சொல்லாமக் கழுவி ஊத்திட்டேன். உங்களுக்கு அந்த வேலை போனது என்னாலதானுங்க. எனக்கு மார்க்குப் போட வேண்டாமுன்னாலும் சரி."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் துடைத்தார். கோகிலவாணி டியூபையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை, நானும் டியூபையே பார்த்தேன்.

அப்புறம் சிரித்துவிட்டாள். "ஐயோ அக்கா! இதையா இத்தனை வருசமாச் சுமந்துட்டிருந்தீங்க? நான் உங்களப் பார்க்கவே இல்லையே! பயத்துல கடிகாரத்தைத்தான் பார்த்துட்டு இருந்தேன். நீங்க எங்க நின்னீங்க, என்ன காட்டுனீங்க, ஒண்ணும் எனக்குத் தெரியாது. அவசரப்பட்டது நான். ஃபெயிலானதும் நான். உங்களுக்கு இதுல என்ன பங்கு?"

"பார்க்கலீங்களா?"

"பார்க்கவே இல்லைக்கா. சாமி சத்தியமா."

பதினெட்டு வருசம்! இந்தப் பெண் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்!

"ஆறியிருக்கும். விடுங்க" என்றாள். அயோடினை விட்டேன். நீலம் குப்பென்று வந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். ஜன்னலுக்கு வெளியே பெனாசிர் கை தட்டுகிற சத்தம் கேட்டது. சார் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆளைக் காணோம்.

காருக்குப் போகும்போது கோகிலவாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மாங்காக் கரை போட்ட கிளிப்பச்சைப் புடவை ஒண்ணு கட்டியிருப்பீங்களே, இன்னும் இருக்குதா? உங்களுக்கு அவ்வளவு நல்லா இருக்கும்" என்றாள். பீரோவில் அடியில் கிடக்கிறது என்றேன். "எடுத்துக் கட்டுங்க" என்றாள்.

மார்ச் 2, திங்கள்

பத்துக்கு ஒன்பது. மொத்தம் முப்பத்தைந்து. பாஸ்!

ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று பெனாசிர் போய்ச் சாரிடம் சண்டைக்கு நின்றாள். இரண்டு சொட்டு அயோடின் விட வேண்டிய இடத்தில் நான் ஆறு சொட்டு விட்டேனாம். கை நடுங்கினால் அப்படித்தான்.

கனகராஜ் அண்ணன் பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். ஊரில் பாதிப் பேர் நான் டாக்டர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் அதை மறுக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

இன்று முதல் லேப் அசிஸ்டென்ட்.

காலையில் கிளிப்பச்சைப் புடவையை எடுத்து இஸ்திரி போட்டேன். மாங்காக் கரையில் தேய்க்கும்போது கை அப்படியே நின்றுவிட்டது.

இந்தப் புடவையை நான் கட்டியது ஒரே ஒரு நாள். அந்தத் தேர்வு நாள். முன்னாலும் கட்டவில்லை, பின்னாலும் கட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை என்று சாமி சத்தியமாகச் சொன்னவளுக்கு நிறமும் தெரிந்திருக்கிறது, கரையும் தெரிந்திருக்கிறது.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்திருக்கிறாள். என் விரலையும் பார்த்திருக்கிறாள். பதினெட்டு வருசமாகத் தெரிந்தே இருந்திருக்கிறாள். தெரிந்தும், நான் கேட்காமலே, சார் எதிரில் ஒரு பொய்யைச் சொல்லி என் பாரத்தை இறக்கிவிட்டுப் போயிருக்கிறாள். நல்லா இருக்கட்டும், அந்தப் பெண் நல்லா இருக்கட்டும்.

"நேரமாச்சு அம்மிணி, கெளம்பலையா?" என்று வாசலிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

"சித்தெ இருங்க, வந்தர்றேன்" என்றேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அந்தப் புடவையையே கட்டிக்கொண்டு கிளம்பினேன்.